கிணற்று மோட்டார் தள்ளிவிட்ட நட்சத்திரம்

உடுமலைப்பேட்டை,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் மூத்தவளுக்கு வேலை கிடைத்த செய்தியை அம்மாவிடம் சொன்னேன். அடுத்த கேள்வி கல்யாணம் எப்போது என்பதுதான். பதிலை நீயே வந்து சொல்லிக்கொள். இங்கே எல்லோரும் நலம். தென்னையில் வெள்ளை ஈ இன்னும் விடவில்லை. அதை எழுத ஆரம்பித்தால் கடிதம் முழுக்கப் புலம்பலாகிவிடும். நட்சத்திரத்தின் பின்னாலேயே மோட்டாரால் திரும்பும்படி நான் செய்த தொலைநோக்கி ஓடுகிறதா என்று கேட்டிருந்தாய்.

ஓடுகிறது. கொஞ்சம் நொண்டுகிறது, ஆனாலும் ஓடுகிறது.

மின்சுற்றை, ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஜீரோ போர்டில் நானே பற்றவைத்தேன். புரோகிராமை ஓட்டும் சின்னக் கணினிப் பலகையான அர்டுயினோ ஒன்று, அடியடியாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டார் இரண்டு, அவற்றை ஓட்டும் ஏ4988 டிரைவர் சில்லு இரண்டு. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும். டிரைவர் ஒவ்வோர் அடியையும் 16 ஆகப் பிரிக்கும். பிறகு பெல்ட்டில் வேகம் நான்கில் ஒன்றாகக் குறையும், அதன்மேல் உன் பட்டறையில் கடைந்த வார்ம் என்ற திருகுத் தண்டும், அது திருப்பும் 180 பல் சக்கரமும். பெருக்கினால் முழுச் சுற்றுக்கு 23,04,000 நுண்ணடி. இதை 24 மணி நேரத்தால் வகுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஒரு மணி நேரத்தில் வியாழன் தன் அகலத்தைப்போல மூன்று மடங்கு நகர்ந்துவிட்டது. நட்சத்திரத்தின் நாள், அதாவது அது வானில் அதே இடத்துக்குத் திரும்பிவரும் நேரம், 23 மணி 56 நிமிடம் 4 நொடி என்று பாலிடெக்னிக்கில் உனக்குப் பாடம் எடுத்தவனே நான்தான்! சிரித்துக்கொள். சரியான கணக்கு நொடிக்கு 26.74 நுண்ணடி.

முதல் டிரைவர் என் அவசரத்துக்குப் பலியானது. மின்சாரம் ஓடும்போதே மோட்டார் ஒயரைப் பிடுங்கினேன். சுருளில் இருந்த சக்தி திரும்பி வந்து சில்லை அடித்துவிட்டது. புகைகூட வரவில்லை.

அதெல்லாம் சில்லறைத் தொல்லை. பெரியது வேறு. இரவில் ஏதோ ஒரு நேரத்தில் கருவி திடீரென்று எல்லாவற்றையும் மறந்துவிடும். எந்த நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதே அதற்குத் தெரியாது. புரோகிராமில்தான் பிழை என்று மூன்று வாரம் வரி வரியாகத் தேடினேன். ஒருநாள் தோட்டத்து வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த அம்மா, "கிணத்து மோட்டார் எடுத்ததும் உன் பெட்டியில விளக்கு அணைஞ்சு எரியுதே, பார்த்தியா?" என்றார். மும்முனை மின்சாரம் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் ஏழரை எச்.பி. மோட்டாரைக் கிளப்புகிறது. அந்த நொடியில் வோல்டேஜ் விழுந்து, அர்டுயினோ முதலிலிருந்து தொடங்கிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க, வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப் வாங்க இருந்தேன், மாப்பிள்ளை.

டிராக்டர் பேட்டரிக்கு மாற்றினேன். மறப்பது நின்றது. ஆனால் மோட்டார் எடுக்கும்போதெல்லாம், தொலைநோக்கியைத் திருப்பும் கைப்பெட்டியில் யாரும் தொடாமலே மேற்குப் பொத்தானை அழுத்தியதுபோல நட்சத்திரம் நகர்ந்தது. கைப்பெட்டிக்குப் போகும் மூன்று மீட்டர் ஒயரைக் கிணற்று மோட்டார் கேபிளை ஒட்டியே இழுத்திருந்தேன்; அது ஆன்டெனா ஆகிவிட்டது. பொத்தானை அழுத்தாதவரை ஒயரின் வோல்டேஜை மேலேயே பிடித்துவைக்க அர்டுயினோவுக்குள் இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர் 20 முதல் 50 கிலோ ஓம், இந்த இரைச்சலுக்கு அது போதாது. பிடி இறுகுவதற்காக வெளியில் 4.7 கிலோ ஓம் போட்டேன், ஒயரை முறுக்கி வேறு வழியில் கொண்டுபோனேன், 30 மில்லிநொடிக்குக் குறைந்த அழுத்தத்தைக் கண்டுகொள்ளாதே என்று புரோகிராமில் எழுதினேன். பத்து நாளாக அமைதி.

தொலைநோக்கி சுழலும் அச்சை, பூமியின் அச்சுக்கு இணையாக வடக்கே திருப்புவது தனிக் கூத்து. நம் ஊர் அட்சரேகை பத்தரைப் பாகை, அச்சும் அவ்வளவுதான் நிமிரும். வெளிநாட்டுப் படங்களில் தாங்கி சாய்ந்து நிற்கும். நம்முடையது கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. துருவ நட்சத்திரம் தென்னந்தோப்புக்குள் போய்விட்டதால், உச்சிக்கு அருகில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, அது வடக்கே நழுவுகிறதா தெற்கே நழுவுகிறதா என்று பார்த்துப் பார்த்து அச்சைத் திருத்தினேன். இவ்வளவு தெற்கே இருப்பதற்குக் கூலியும் உண்டு. விடியற்காலை மூன்று மணிக்குத் தெற்கே ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து 30 பாகைக்குமேல் நிற்கிறது. லண்டன்காரன் அதைத் தன் ஊரிலிருந்து பார்க்கவே முடியாது. கணினியில் ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட மென்பொருளில் அதைச் சுட்டினேன். மோட்டார் இரண்டும் முனகிக்கொண்டே போய் நின்றன. தொலைநோக்கியின் கண்ணருகு லென்ஸில் பார்த்தால், சிந்திய கேழ்வரகு மாவுபோல நடுவிலேயே இருந்தது.

இனி உன் குற்றத்துக்கு வருகிறேன். நட்சத்திரம் எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை முன்னும் பின்னும் ஊசலாடுகிறது. நட்சத்திர நாளின் 86,164 நொடியை 180 ஆல் வகுத்துப் பார், 479 வரும். அது வார்ம் ஒரு முறை சுற்றும் நேரம். ஆகவே சக்கரத்தில் பழுதில்லை, நீ கடைந்த வார்மின் மையம்தான் விலகியிருக்கிறது. இந்த ஊசலை அர்டுயினோவுக்கே கற்றுக்கொடுத்து எதிர்த்துத் தள்ளச் சொல்லலாம். எனக்கு அதில் மனமில்லை. காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் தாங்கும் குதிரைலாட வளையத்துக்கு முன்னால் நின்று, "இதைக் கடைந்தவன் யாருடா?" என்று வாய்பிளந்தவன் நீ. உன் வார்முக்கு நான் புரோகிராமில் ஒட்டுப்போடுவதா?

வார்மைக் கழற்றிப் பார்சலில் அனுப்புகிறேன். டயல் அளவி வைத்து மையத்தைப் பார். புதிதாகக் கடைவதானால் வைகாசிக்குள் முடித்துவிடு. அதன்பின் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கிவிடும். அப்போது குழாய் ஆடுவது உன் குற்றமா காற்றின் குற்றமா என்று பிரித்தறிய முடியாது.

முடிந்தால் நீயே கொண்டுவா. எல்லாம் சரிசெய்துவிட்டேன் என்று எழுதியிருந்தாலும், அன்று இரவு மட்டும் ஆட்டோ ஸ்டார்ட்டரை நிறுத்திவைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்