நிதி திரட்டும் நெல்லைத் தம்பி தங்கைகளுக்கு

பாளையங்கோட்டை, மேலப்பாளையம், பேட்டை, அம்பாசமுத்திரம் என்று ஊர் ஊராகக் குழு சேர்த்து ஏழைப் பிள்ளைகளுக்காகப் பணம் திரட்டுகிற தம்பி தங்கைகளே, வணக்கம். முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுக்கிற ஒரு அக்கா எழுதுகிறேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் உங்களைப் பார்த்தேன். தாமிரபரணி தெருவுக்குள் வந்த நாட்களில் சோறு பொங்கி, டிராக்டரில் ஏற்றி, இடுப்பளவு தண்ணீரில் சுமந்துகொண்டு போனீர்கள். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்டவர்களுக்குப் பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள் பசியாற்றினார்கள். கொடுக்கிற மனசுக்கு நம் சீமையில் குறைவே இல்லை. அதனால்தான் உரிமையோடு கேட்கிறேன். பிரியாணிப் பொட்டலத்தையும் ஸ்கூல் பையையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் ஒரு குடும்பத்தோடு ஆபீசுக்கு நடங்கள்.

எங்கள் தெருவில் ஒரு தாய். புருஷன் தவறிவிட்டார், இரண்டும் பெண் பிள்ளைகள். இந்த மாதிரிக் குடும்பங்களுக்கு குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பத்தை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். அவ்வளவையும் அவளுக்குச் சொல்லியாயிற்று. ஆனால் இறப்புச் சான்றிதழில் புருஷனின் இனிஷியல் ஒன்று, ஆதாரில் வேறொன்று. திருத்த ஒரு ஆபீஸ், வருமானச் சான்றுக்கு இன்னொன்று, அப்புறம் வங்கிக் கணக்கு. ஒரு நாள் கலெக்டர் ஆபீஸ் இருக்கிற கொக்கிரகுளம் போய்வந்தால் அன்றைக்குப் பீடி சுற்றும் சுளகு மடியில் ஏறாது. பீடிக் கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு. காகிதம் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் சுருட்டி வைத்துவிட்டு, “யக்கா, இது நமக்கு ஆவாது” என்றாள்.

உங்கள் குழு ஒன்றிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி வந்தான். அந்தப் பையைத் திண்ணையில் கொட்டி, ஒவ்வொரு காகிதத்தையும் பிரித்து, எதில் என்ன தப்பு என்று ஒரு தாளில் எழுதினான். அவள் போகவே தேவையில்லாத வேலைக்கு அவனே போனான், கையெழுத்து வேண்டிய இடத்துக்கு மட்டும் பைக்கில் கூட்டிப்போனான். இப்போது பணம் வருகிறது. அவனுக்கு ஆனது பெட்ரோல் காசும் சில அரைநாட்களும்தான். எத்தனை உண்டியல் குலுக்கினாலும் அந்தக் குடும்பத்துக்கு மாதா மாதம் இவ்வளவு சேர்த்துக் கொடுத்திருக்க முடியுமா?

இப்படிக் கிடக்கிற உதவி இன்னும் இருக்கிறது. தாய் தகப்பன் இருவரும் இல்லாத பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் வளர்க்க முடியாத பிள்ளைகளுக்கும் 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறார்கள். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை உண்டு, ஆனால் ஆன்லைனில் தான் விண்ணப்பிக்க வேண்டும். தேதி தப்பினால் அந்த வருஷம் அவ்வளவுதான். ஆபரேஷனுக்கு வசூல் தொடங்குமுன் அந்த வீட்டில் முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள், ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக் காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள். அட்டை ஒத்துக்கொள்ளாத செலவுக்குத் திரட்டுங்கள், நானும் போடுகிறேன்.

படம் எடுப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என்னிடம் படிக்கிற ஒரு சின்னப் பெண், நீங்கள் கொடுத்த பையில் அச்சடித்திருந்த குழுப் பெயர் மேல் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் பூசிக்கொண்டு வந்தாள். அவள் பை வாங்கும் படம் யாருடைய ஸ்டேட்டஸிலோ இருந்திருக்கிறது, வகுப்பில் பார்த்துவிட்டார்கள். நன்கொடை கொடுத்தவர்கள் ஆதாரம் கேட்கிறார்கள் என்பீர்கள். சரி, கடை பில்லைக் காட்டுங்கள், கணக்கைக் காட்டுங்கள், பைகளை அடுக்கிவைத்துப் படம் எடுங்கள். பிள்ளை முகம் எதற்கு? பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற குழந்தையின் பெயரோ படமோ பள்ளியோ வெளியே தெரியும்படி வெளியிடக்கூடாது என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் தடுத்திருக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. சட்டத்தை விடுங்கள், அந்தப் பிள்ளை நாளைக்கும் அதே வகுப்பில்தான் உட்கார வேண்டும்.

பணம் ஒருவருடைய சொந்த ஜிபே நம்பருக்கு வருவதையும் நிறுத்துங்கள். இரண்டு பேர் கையெழுத்துப் போடும் கணக்கு ஒன்று தொடங்குங்கள். உங்கள் நல்ல பெயருக்காகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு குழுவும் ஐந்து குடும்பத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வருஷம் விடாமல் பாருங்கள். எங்கேயாவது பிள்ளையை அடிப்பதாகவோ வேலைக்கு அனுப்பியதாகவோ கல்யாணம் பேசுவதாகவோ தெரிந்தால் நீங்களே பஞ்சாயத்துப் பேசாமல் குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் போடுங்கள்.

எங்கள் தெருவில் இன்னும் மூன்று வீட்டுக் காகிதங்கள் பாதியில் நிற்கின்றன. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு மனு எழுதிக் கொடுக்கவும், அந்தத் தாய்மாரோடு வரிசையில் நிற்கவும் இரண்டு பேர் வேண்டும். ஒருத்தராவது தங்கச்சியாக இருந்தால் அவர்கள் கூச்சமில்லாமல் பேசுவார்கள்.