அவர்கள் கையிலும் மட்டையைக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பார்வையற்ற மகளிருக்கான முதலாவது இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில், 2025 நவம்பரில் கொழும்பு நகரில், இந்திய அணி நேபாளத்தை ஏழு விக்கெட் வித்தியாசத்தில் வென்ற செய்தியைப் படித்து மகிழ்ந்தோம். அதே ஆண்டு ஜனவரியில் இலங்கையில் நடந்த உடல் குறைபாடுடையோருக்கான சாம்பியன்ஸ் கோப்பையும் இந்தியாவுக்கே வந்தது. இப்படிப்பட்ட செய்திகள் வாழ்த்தோடு முடிந்துவிடுகின்றன. நம் ஊர் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் காது கேளாத சிறுவனோ, பெருமூளை வாதத்தால் நடை தடுமாறும் சிறுமியோ கிரிக்கெட் மட்டையை முதன்முதலில் எங்கே, யாரிடமிருந்து வாங்கப்போகிறார்கள் என்ற கேள்வியை யாரும் எழுப்புவதில்லை. அதை எழுப்பவே இக்கடிதம்.

பாளையங்கோட்டையைப் போலச் செவித்திறன் குறையுடையோருக்கென்றும் பார்வையற்றோருக்கென்றும் நெடுங்காலமாகத் தனிப்பள்ளிகள் இயங்கும் ஊர்களில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. அங்கே மொத்தப் பள்ளியும் ஒரே வகையான பிள்ளைகள் என்பதால் ஆட்டமும் அவர்களுக்கேற்பத் தானாக அமைந்துவிடுகிறது. சிக்கல் பொதுப் பள்ளிகளில்தான். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவரோ இருவரோ இருக்கும் இப்பிள்ளைகள் விளையாட்டுப் பாடவேளையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்பையும் தண்ணீர்ப் புட்டியையும் காவல் காக்கிறார்கள். கொஞ்சம் இரக்கமுள்ள ஆசிரியர் வாய்த்தால் ஸ்கோர் நோட்டு கைக்கு வருகிறது. டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று மட்டும் ஓட்டப்பந்தயம் வைத்துப் பரிசு கொடுத்துப் படம் எடுக்கிறோம். மறுநாள் அவர்கள் மீண்டும் மரத்தடிக்குப் போகிறார்கள்.

காது கேளாத பிள்ளைக்குக் கிரிக்கெட் கற்பிக்க விதி எதையும் மாற்றத் தேவையில்லை என்பதை உடற்கல்வி ஆசிரியர்கள் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. நான்கு, ஆறு, வைடு, பை என நடுவரின் தீர்ப்புகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே கைச்சைகைகளாகவே இருக்கின்றன. ரன் ஓடும்போது குரல் கொடுப்பதற்குப் பதிலாக இரு மட்டையாளரும் ஒருவரையொருவர் பார்த்துக் கையசைக்கப் பழக வேண்டும். உயரே எழும் பந்தை யார் பிடிப்பது என்பதை முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும். விசில் ஊதும் இடத்தில் வண்ணக் கொடி ஒன்றைத் தூக்க வேண்டும். பயிற்றுநர் மாற்றிக்கொள்ள வேண்டியவைதான் அதிகம். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றால் அவர் முகம் இருண்டு உதட்டசைவு தெரியாமல் போகும். மட்டையைச் சுழற்றிக் காட்டிக்கொண்டே பேசினால் பிள்ளை எதைப் பார்ப்பது? முதலில் செய்துகாட்டிவிட்டுப் பிறகு முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். காது கேட்பதற்காக அறுவை சிகிச்சை மூலம் காக்ளியர் கருவி பொருத்தப்பட்ட பிள்ளைகள் விஷயத்தில் தலையில் அடி படாதிருப்பது கட்டாயம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சை கிடைப்பதால் அத்தகைய பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளிலேயே இருக்கிறார்கள். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, டென்னிஸ் பந்தோடும் தலைக்கவசத்தோடும் அவர்களை ஆடவைக்கலாம். கருவியைக் காரணம் காட்டி மைதானத்தை விட்டே விலக்குவது சோம்பல்.

பார்வையற்றோர் கிரிக்கெட் 1922இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், கற்கள் போட்ட தகர டப்பாவைப் பந்தாகக் கொண்டு தொழிலாளர்கள் தொடங்கிய ஆட்டம். இன்று உள்ளே இரும்புக் குண்டுகள் உருண்டு ஒலி எழுப்பும் பிளாஸ்டிக் பந்து, கையைத் தாழ்த்தித் தரையை ஒட்டி வீசும் முறை, ஆடுகளத்தின் பாதித் தொலைவுக்கு முன்பே பந்து ஒருமுறையேனும் தரையில் பட வேண்டும் என்ற விதி, முழுப் பார்வையற்றவர் எடுக்கும் ரன்னை இரண்டாகக் கணக்கிடும் வழக்கம் என அது முழுமை பெற்றுவிட்டது. பதினொருவரில் குறைந்தது நால்வர் முழுப் பார்வையற்றவர்களாக இருக்க வேண்டும். இந்த ஆட்டத்தின் உலகக் கோப்பை 2002இல் நம் சென்னையிலேயே நடந்தது. அன்று பிறந்த குழந்தைகள் கல்லூரியே முடித்திருப்பார்கள். ஆனால் நம் ஊர்ப் பக்கத்து விளையாட்டுப் பொருள் கடையில் அந்த ஒலிப்பந்தைக் கேட்டால் கடைக்காரர் விழிக்கிறார்.

கை கால் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு, அவர்களுக்குப் பதிலாக ரன் ஓடித்தரும் ரன்னர் வைத்துக்கொள்ளலாம். சர்வதேச ஆட்டங்களில் 2011இல் அது கைவிடப்பட்டாலும் பள்ளி ஆட்டத்துக்கு அந்தக் கண்டிப்பு எதற்கு? சக்கர நாற்காலியில் இருப்போருக்கும் தசைக்கட்டுப்பாடு மிகவும் குறைந்தோருக்கும் டேபிள் டென்னிஸ் மேசையின் மேல் சரிவுப் பலகை வைத்துப் பந்தை உருட்டி ஆடும் மேசைக் கிரிக்கெட்டை இங்கிலாந்தில் பள்ளிகளுக்கிடையே போட்டியாகவே நடத்துகிறார்கள். நம் ஊர்த் தச்சர் ஒருவர் அந்தப் பலகையை ஒரே நாளில் செய்து தந்துவிடுவார்.

போலியோ தாக்கிய வலக்கையால் பந்து வீசி 1971இல் ஓவல் மைதானத்தில் 38 ரன்னுக்கு ஆறு விக்கெட் சாய்த்த பி.எஸ். சந்திரசேகரையும், ஒரு காதில் கேட்கும் திறனின்றியே சென்னையிலிருந்து இந்திய அணிக்குச் சென்ற வாஷிங்டன் சுந்தரையும் இவ்விடத்தில் எடுத்துக்காட்டுவது வழக்கம். அவர்களின் பெருமை பெருமைதான். ஆயினும் நான் கேட்பது வருங்கால நட்சத்திரங்களுக்காக அல்ல. வகுப்பு அணியில் ஒன்பதாவதாக இறங்கி இரண்டு ரன் எடுத்து ஆட்டமிழக்கும் உரிமை மற்றப் பிள்ளைகளுக்கு இருப்பதுபோல் இவர்களுக்கும் வேண்டும். ஒப்புக்குச் சேர்த்துக்கொண்டு, ஆட்டமிழந்தாலும் இல்லையென்று சொல்லி, பந்தே வராத எல்லைக்கோட்டில் நிறுத்திவைப்பது அந்த உரிமை ஆகாது.

சலுகையாக இதைக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 16ஆம் பிரிவு, கல்வி நிறுவனங்கள் இப்பிள்ளைகளுக்கு மற்றவர்களுக்கு இணையாக விளையாட்டு வாய்ப்பும் தர வேண்டும் என்கிறது. 30ஆம் பிரிவு விளையாட்டுத் துறையினரையும் இக்கடமைக்குள் கொண்டுவருகிறது.

கிளப்புகளின் தயக்கம் வேறு வகையானது. கோடைப் பயிற்சி முகாமுக்கு இப்பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோரிடம், அடிபட்டால் யார் பொறுப்பு என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்த அச்சம் பொய்யல்ல. பயிற்றுநருக்கு யாரும் எதுவும் சொல்லித்தராதபோது அவர் அஞ்சத்தான் செய்வார். பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையங்களில் இப்பிள்ளைகளை நன்கறிந்த சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் பணியில் இருக்கிறார்கள். அவர்களையும் உடற்கல்வி ஆசிரியர்களையும் கிளப் பயிற்றுநர்களையும் பள்ளி திறக்குமுன் ஒரே மைதானத்தில் கூட்டி, காது கேளாதோர் பள்ளி மாணவர்களையே ஆடிக்காட்டச் செய்து பயிற்சி அளிக்க மாவட்ட விளையாட்டு அலுவலர் ஏற்பாடு செய்ய வேண்டும். கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தில் 12,525 ஊராட்சிகளுக்குக் கிரிக்கெட் மட்டையும் பந்தும் வழங்க முடிந்த அரசுக்கு, ஒலிப்பந்தையும் வண்ணக் கொடியையும் பள்ளிகளுக்குத் தருவது பெருஞ்செலவாகாது.

மாவட்டக் கிரிக்கெட் சங்கங்கள் தங்கள் வலைப்பயிற்சித் தளங்களில் ஒன்றைச் சனிக்கிழமை காலையில் இப்பிள்ளைகளுக்கென ஒதுக்கட்டும். அங்கே உடன்பிறந்தாரும் வகுப்புத் தோழரும் சேர்ந்தே ஆடட்டும். ஊருக்கு வெளியே புறவழிச்சாலையை ஒட்டிய மைதானத்தைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டாம் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வருபவருக்கும் கட்டணமில்லை என்பதால், நகரப் பேருந்து நிற்கும் இடத்துக்கு அருகில் மைதானம் அமைந்தால்தான் கூலி வேலைக்குச் செல்லும் தாய்மார்கள் பிள்ளைகளை அழைத்துவர முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பாளையங்கோட்டை.