யிட்ரியம் போடுவதற்கு முன்பே முடிவாகிவிடும் விஷயம்

அன்புள்ள குமரேசா,

உன் கடிதமும் உடன் வைத்திருந்த சி.டி. படங்களும் கிடைத்தன. வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. உன் நோயாளியின் கல்லீரலை வெட்ட முடியாது என்று சர்ஜன் சொன்னது சரிதான். சிரோசிஸ் (கல்லீரல் சுருங்கித் தழும்பேறிய நிலை), கல்லீரலுக்குள் போகும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் அதிகம், வலது மடலில் 6 செ.மீ. புற்றுக்கட்டி. இதற்கு யிட்ரியம்-90 (கதிரியக்கம் ஏற்றிய நுண்மணிகள்) போடலாமா, போட்டால் எதற்காக இரண்டு தடவை ஆஞ்சியோ (தமனிக்குள் குழாய் விட்டுப் படம் எடுப்பது) என்று கேட்டிருந்தாய். என் பதில்: பலன் கிடைப்பதும் கெடுவதும் பெரும்பாலும் முதல் ஆஞ்சியோவிலேயே முடிவாகிவிடுகிறது. இரண்டாம் ஆஞ்சியோவில் நடப்பது மணிகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைதான்.

அடிப்படை உனக்குத் தெரிந்ததே. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. கட்டியோ ஏறக்குறைய முழுக்க ஹெப்பாட்டிக் (கல்லீரல்) தமனியை நம்பி வாழ்கிறது. ஆகவே தமனி வழியே அனுப்பும் நுண்மணிகள் கட்டியில் போய்ச் செறிகின்றன. யிட்ரியம் வெளியிடும் பீட்டா கதிர் திசுவுக்குள் சராசரியாக 2.5 மி.மீ., அதிகபட்சம் 11 மி.மீ. போகும். அரை ஆயுள் 64 மணி நேரம். கண்ணாடி மணிகள் 20 முதல் 30 மைக்ரான், ஒவ்வொன்றிலும் அளவீட்டு நேரத்தில் சுமார் 2500 பெக்கரல் (கதிரியக்கத்தின் அலகு). ரெசின் மணிகள் 20 முதல் 60 மைக்ரான், ஒவ்வொன்றிலும் 50 பெக்கரல்தான். அதே கதிரியக்கத்துக்கு ரெசினில் பல மடங்கு மணிகள் போக வேண்டும் என்பதால், தமனி அடைத்துக்கொள்ளும் பிரச்சினை ரெசினில் கூடுதல்.

முதல் ஆஞ்சியோவில் தேடுவது இரண்டு விஷயங்களை. ஒன்று, மணிகள் தவறி வேறு எங்காவது போக வழி இருக்கிறதா? வலது இரைப்பைத் தமனி, இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் போகும் கேஸ்ட்ரோடியோடினல், வயிற்றுச் சுவருக்குப் போகும் ஃபால்சிஃபார்ம், பித்தப்பைத் தமனி என ஒவ்வொன்றையும் ஆஞ்சியோ மேசையிலேயே எடுக்கும் கோன் பீம் சி.டி.யில் பார்க்க வேண்டும். சாதாரண ஆஞ்சியோ படத்தில் நூல் போலத் தெரியும் வலது இரைப்பைத் தமனிதான் பின்னால் அல்சரில் கொண்டுபோய் விடும். கதீட்டரை (தமனிக்குள் விடும் மெல்லிய குழாயை) அதைத் தாண்டிக் கொண்டுபோக முடிந்தால் அதுவே நல்லது. முடியாவிட்டால் காயில் (சிறு சுருள் கம்பி) வைத்து அடைக்கிறோம்.

இரண்டாவது, நுரையீரலுக்கு எவ்வளவு கசிகிறது என்பது. யிட்ரியம் போடப்போகும் அதே இடத்தில் கதீட்டர் நுனியை வைத்து, டெக்னீஷியம் ஏற்றிய எம்.ஏ.ஏ. (மணிகளுக்குப் பதிலாக ஒத்திகைக்கு விடும் ஆல்புமின் துகள்கள்) 4, 5 மில்லிகியூரி செலுத்தி, அது எங்கே போயிற்று என்று ஸ்பெக்ட் படம் எடுக்கிறோம். படம் எடுக்கத் தாமதமானால் எம்.ஏ.ஏ. உடைந்து, விடுபட்ட டெக்னீஷியம் இரைப்பையில் தெரியும்; மணி தவறிப் போய்விட்டதோ என்று வீணாகப் பயந்து சிகிச்சையையே கைவிடுவார்கள். அப்படித் தெரிந்தால் தைராய்டையும் பார்க்கச் சொல். அங்கேயும் தெரிந்தால் அது விடுபட்ட டெக்னீஷியம்தான்.

இனி கணக்கு. ஒரு கிலோ திசுவில் ஒரு கிகாபெக்கரல் (நூறு கோடி பெக்கரல்) முழுதாகச் சிதைந்தால், திசு வாங்கும் கதிர் டோஸ் ஏறக்குறைய 50 கிரே. உன் நோயாளிக்கு நாம் மணி செலுத்தும் தமனிக் கிளை ரத்தம் கொடுக்கும் பகுதி, கட்டியும் சேர்த்து, 300 கிராம் என்று வை. கண்ணாடி மணியில் 400 கிரே வேண்டுமென்றால், கசிவைக் கணக்கில் எடுக்காமல், 2.4 கிகாபெக்கரல். நுரையீரல் கசிவு 10 சதவீதம் என்றால் அங்கே சேர்வது 0.24, ஒரு கிலோ நுரையீரலுக்கு 12 கிரே. ஒரு தடவைக்கான வரம்பு 30, ஆகவே தாராளமாகப் போடலாம். மணிகள் வரும் குப்பியில் எழுதியிருக்கும் கதிரியக்க அளவு ஞாயிறு மதியத்துக்கானது; அதன் பிறகு குறைந்துகொண்டே வரும். புதன் மதியம் போட ஞாயிறன்று 5.2 கிகாபெக்கரல் இருக்க வேண்டும். வியாழன் என்றால் 6.8. புதனுக்கு வாங்கிய குப்பியை லேப் ரிப்போர்ட் வரவில்லை என்று வியாழனுக்குத் தள்ளினால் 400 கிரே 308 ஆகிவிடும். அதனால்தான் ரத்தப் பரிசோதனைகளை முன்கூட்டியே கேட்டு நச்சரிக்கிறோம்.

போடும் நாளில் குப்பி அக்ரிலிக் உறைக்குள் இருக்கும். ஈயத்தை நேரடியாக வைத்தால் பீட்டா அதில் மோதி எக்ஸ்ரே கிளம்பும், ஆகவே முதலில் பிளாஸ்டிக், ஈயம் வெளியேதான். கண்ணாடி மணியைச் சலைனில் ஒரே சீராகத் தள்ள வேண்டும். தயங்கினால் மணிகள் குழாயிலும் கதீட்டர் தலையிலும் படிந்துவிடும். ரெசினைச் சிறிது சிறிதாக டெக்ஸ்ட்ரோஸில் செலுத்தி, நடுநடுவே கான்ட்ராஸ்ட் (படத்தில் தெரியும் மருந்து) விட்டு ஓட்டம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஓட்டம் நின்ற பிறகு அழுத்தினால் மணிகள் பின்னோக்கி வந்து இரைப்பைப் பக்கம் போகும். அங்கே நிறுத்துவதுதான் சரி, குப்பியில் மிச்சம் இருந்தாலும். கடைசியில் குழாய், கையுறை எல்லாவற்றையும் ஜாடியில் போட்டு, 30 செ.மீ. தள்ளி நான்கு பக்கமும் மீட்டர் பிடித்து, உண்மையில் எவ்வளவு உள்ளே போயிற்று என்று கணக்கிடுகிறோம்.

பிறகு உன் கையில்தான். முதல் வாரம் அசதி, லேசான வலி, பசியின்மை வரும், பயப்பட வேண்டாம். வாரக்கணக்கில் விடாத மேல்வயிற்று வலி என்றால் எண்டோஸ்கோப்பி செய். பயாப்சியில் மணிகளே தெரியும். நாலு முதல் எட்டு வாரத்தில் மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீரும் வந்து, கட்டி வளரவில்லை என்றால் அது கதிரியக்கத்தால் வந்த கல்லீரல் பாதிப்பு. பிலிரூபின் 2-க்கு மேல் இருந்தவர்களுக்கும், மடல் முழுக்கப் போட்டவர்களுக்கும் அதிகம் வருகிறது. ஒரு மாத சி.டி.யில் கட்டி பெரிதாகவும் ஓரம் பிரகாசமாகவும் தெரியலாம். அதைப் பார்த்து "வளர்ந்துவிட்டது" என்று எழுதிவிடாதே, மூன்று மாதப் படம் வரட்டும்.

சாரா, சர்வேனிப் ஆய்வுகளில் யிட்ரியம் போட்டவர்களுக்கு, சோராஃபெனிப் மாத்திரை சாப்பிட்டவர்களை விட ஆயுள் கூடவில்லையே என்று கேட்டிருந்தாய். உண்மைதான்; பக்கவிளைவு குறைந்தது. ஆனால் அவற்றில் ஒவ்வொரு கட்டிக்கும் இத்தனை கிரே என்று குறிவைத்துப் போடவில்லை. 2021-இல் வந்த பிரெஞ்சு ஆய்வான டோசிஸ்ஃபியர், 7 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கட்டிகளில் கட்டிக்கே குறைந்தது 205 கிரே கொடுத்தது. இடைநிலை ஆயுள் 26.6 மாதம். மடலுக்கு 120 கிரே என்ற பழைய கணக்கில் 10.7. சிறிய ஆய்வுதான், 60 பேர். இருந்தாலும் டோஸ்தான் எல்லாம் என்ற எண்ணத்தை எனக்கு உறுதியாக்கியது அதுதான்.

நோயாளியை அனுப்புமுன் மூன்று கட்ட சி.டி.யின் முழு டிஸ்க், இந்த வாரத்து பிலிரூபின், ஆல்புமின், ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் அளவு), ஏ.எஃப்.பி. (கல்லீரல் புற்றின் ரத்தக் குறியீடு) எல்லாம் அனுப்பு. நீ அனுப்பியதில் தமனிக் கட்டப் படங்கள் பாதியில் நின்றுபோயிருக்கின்றன; அவை இல்லாமல் எந்தக் கிளை என்று சொல்ல முடியாது.

அன்புடன்,
ரங்கன்