டகோனிக் சாலையில் மினி பஸ் போகக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த அமெரிக்க இலையுதிர்காலப் பயணக் கட்டுரையை நியூயார்க் மாநிலத்தில், ஒயிட் பிளெயின்ஸ் ஊரில், மகள் வீட்டில் இருந்தபடி படித்தேன். மேப்பிள் மரங்கள் நிறம் மாறுவதை ரசித்து எழுதியிருந்தார்கள். குறை ஒன்றுதான். நாலு குடும்பம் சேர்ந்து ஒரு மினி பஸ் வாடகைக்கு எடுத்து டகோனிக் ஸ்டேட் பார்க்வேயில் வடக்கே போனால் செலவு குறையும் என்று ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். அந்தச் சாலையில் பஸ் போகக் கூடாது. லாரி, டிரெய்லர், வணிக வாகனம் எதுவும் கூடாது. கார் மட்டும்தான்.

நம் மாநில நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு சாலையில் இன்ன வண்டி போகக் கூடாது என்று பலகை வைத்தால் நம் ஊரில் அதை யார் மதிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். கட்டுரையாளரும் இந்தத் தடையை அந்த வகையில் சேர்த்து விட்டிருக்கலாம். இங்கே விஷயம் வேறு. பலகையை மீறினால் போலீஸ்காரர் பிடிப்பதற்கு முன்னால் பாலம் பிடித்துவிடும்.

பார்க்வே என்பது வேகமாகப் போவதற்காக மட்டும் போட்ட சாலை இல்லை. நீளமான ஒரு பூங்காவை உண்டாக்கி அதற்குள் சாலையை விட்டிருக்கிறார்கள். மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் பிராங்ஸ் ரிவர் பார்க்வேதான் இந்த வகையில் மூத்தது. சாக்கடையாகிக் கிடந்த ஒரு சிற்றாற்றைச் சுத்தம் செய்து, கரையில் மரம் வைத்து, கூடவே சாலையும் போட்டு 1925-ல் முழுசாகத் திறந்தார்கள். டகோனிக் அதற்கு வடக்கே கென்சிகோ அணைப் பக்கம் தொடங்கி, 100 மைலுக்கு மேல் ஓடி, சாத்தம் ஊருக்கு அருகே முடிகிறது. பிற்பாடு ஜனாதிபதியான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1925-லிருந்து அந்த வட்டாரப் பூங்கா ஆணையத்தின் தலைவராக இருந்து வழி வகுத்த சாலை அது. கடைசிப் பகுதி திறந்தது 1963-ல். குன்றின் வளைவைப் பார்த்துச் சாலையையும் வளைத்திருக்கிறார்கள். குன்றை வெட்டி நேராக்கியிருந்தால் வேலை சுலபம், ஆனால் அங்கே பார்ப்பதற்கு என்ன இருந்திருக்கும்?

லாரியே வராது என்று முடிவு செய்து போட்ட சாலைகள் இவை. அதனால் வழித்தடம் குறுகல், ஓரத்தில் ஒதுங்க இடம் குறைவு, குறுக்கே மேலே போகிற பாலங்கள் தாழ்வு. இன்றைக்கு நினைத்தாலும் பாலங்களை உயர்த்த முடியாது. உயர்த்தினால் மேலே போகிற சாலையையும் இரு பக்கமும் தூக்க வேண்டும், ஒட்டியிருக்கிற வீட்டு வாசல்களையெல்லாம் மாற்ற வேண்டும்.

இந்தப் பாலங்களின் அடிவயிற்றை நிதானமாகப் பார்க்க எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. மே, ஜூன், செப்டம்பர் மாதங்களில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 10 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை, ஒயிட் பிளெயின்ஸிலிருந்து தெற்கே பிராங்ஸ் ரிவர் பார்க்வேயின் ஒரு பகுதியில் காருக்கும் தடை. சைக்கிளும் நடப்பவர்களும்தான். 1974-லிருந்து இது நடக்கிறது. பேரன் சைக்கிளில் முன்னால் போய்விட்டான். நான் நடுரோட்டில் நின்று ஒரு வளைவுப் பாலத்தை அண்ணாந்து பார்த்தேன். முகப்பில் கல், உள்ளே கான்கிரீட். வளைவின் உச்சியில் கீறல் ஏதும் இல்லை. வலது ஓரத்தில், வளைவு இறங்கி வருகிற இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக நீளக் கீறல்கள். ஓரிடத்தில் கல்லின் விளிம்பு பெயர்ந்து புதுச் சிமெண்டு பூசியிருந்தது. நடந்தது என்ன என்பது பார்த்தவுடனே விளங்கிவிட்டது. ஓட்டுபவர் தூரத்திலிருந்து பாலத்தின் நடு உயரத்தைப் பார்த்துப் போய்விடலாம் என்று நினைக்கிறார். ஆனால் வண்டி போவது ஓரத் தடத்தில். கூரையின் வலது முனைதான் முதலில் கல்லைத் தொடும்.

இன்னொன்றும் உண்டு. நியூயார்க்கில் பலகையில் எழுதும் உயரம், அளந்த உயரத்தைவிடச் சுமார் ஒரு அடி குறைவாக இருப்பது வழக்கம். பனி உறைவது, தார் மேல் தார் போடுவது எல்லாவற்றுக்கும் சேர்த்து விட்ட இடைவெளி அது. இதைத் தெரிந்துகொண்டு, "ஒரு அடி கூடவே இருக்கும், போகலாம்" என்று துணிகிற ஓட்டுநர்களும் இருக்கிறார்களாம். அரைகுறையாகத் தெரிந்துவைத்திருப்பதில் இதுதான் சங்கடம்.

மருமகனோடு வேலை பார்க்கும் ஒரு தம்பி போன வருடம் வீடு மாறினார். சாமான் ஏற்ற ஒரு பெட்டி லாரியை வாடகைக்கு எடுத்து அவரே ஓட்டினார். இந்த நாட்டில் கார் உரிமம் இருந்தாலே அதற்குப் போதும். சாவி கொடுத்த கவுண்டரில் டீசல் பற்றிச் சொன்னார்களாம், பார்க்வே பற்றி ஒரு வார்த்தை இல்லை. செல்போன் வழிகாட்டி அவர் கார் ஓட்டுவதாக நினைத்து ஹட்சின்சன் ரிவர் பார்க்வேக்குள் விட்டது. முதல் பாலத்தில் தப்பித்தார், அடுத்ததில் மாட்டினார். கூரைத் தகடு பின்பக்கமாகச் சுருண்டு, கட்டிலும் மெத்தையும் வானம் பார்க்க நின்றன. கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்த டில்டிங் கிரைண்டர் ஒன்றுதான் சேதமில்லாமல் இறங்கியது. அப்புறம்தான் பெரிய அடி. வாடகைக்கு எடுக்கும்போது கூடுதல் பணம் கட்டி வாங்கிய சேதக் காப்பீட்டில், மேல்பக்கம் இடித்தால் செல்லாது என்று சிறு எழுத்தில் போட்டிருந்தது. பல வாடகை ஒப்பந்தங்களில் இந்த விலக்கு உண்டு. பிள்ளைகள் அங்கே வீடு மாறும்போது உதவிக்குப் போகிற வாசகர்கள் இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொழில்முறை ஓட்டுநர்களுக்கும் இதே கதிதான். 2018 ஏப்ரலில், நியூயார்க் நகரத்தை ஒட்டிக் கிழக்கே நீளும் லாங் ஐலண்ட் தீவில், சதர்ன் ஸ்டேட் பார்க்வேயில், ஐரோப்பியச் சுற்றுலா முடிந்து கென்னடி விமான நிலையத்திலிருந்து திரும்பிய பள்ளி மாணவர்களின் பஸ் ஒரு பாலத்தில் மோதிக் கூரை நொறுங்கியது. பலருக்குக் காயம். அந்த ஓட்டுநரும் காருக்கான வழிகாட்டியைத்தான் பார்த்து ஓட்டினார். கட்டுரையாளர் சொன்ன மினி பஸ்ஸைப் படித்ததும் எனக்கு இந்தச் செய்திதான் நினைவுக்கு வந்தது.

லாங் ஐலண்டுப் பாலங்களைப் பற்றி ஒரு பழைய சண்டை இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் பேத்தி என்னோடு வாதம் செய்தாள். அந்தச் சாலைகளைப் போட்ட ராபர்ட் மோசஸ், கார் இல்லாத ஏழைகளும் கறுப்பின மக்களும் பஸ்ஸில் ஜோன்ஸ் பீச் கடற்கரைக்கு வந்துவிடக் கூடாது என்றே பாலங்களைத் தாழ்வாகக் கட்டினார் என்பது குற்றச்சாட்டு. அப்படிச் சொல்ல முடியாது, மற்ற பார்க்வேக்களிலும் பாலம் தாழ்வுதான், வேறு சாலைகளில் பஸ் போகலாமே என்று மறுக்கிற ஆய்வாளர்களும் உண்டு. அவர் மனதில் என்ன இருந்தது என்று பாலத்தை அளந்து சொல்ல முடியாது. ஆனால் பேத்தி சொன்னதில் ஒரு பாதியை நான் ஒப்புக்கொண்டேன். லாரிக்குத் தடை போட்டது சரி. பஸ்ஸையும் சேர்த்துத் தடுத்தபோது, அரசுப் பணத்தில் போட்ட ஒரு சாலையின் அழகு கார் வைத்திருப்பவனுக்கு மட்டும் என்றாகிவிட்டது. அந்தக் குறையை இப்போது சரிசெய்ய வேண்டுமானால் வேறு சாலையில்தான் பஸ் விட வேண்டும். இந்தப் பாலங்களுக்கு அடியில் விட முடியாது.

தடை தேவை, சரி. அதைச் சொல்லும் விதத்தில் இன்னும் குறை இருக்கிறது. நுழைவாயிலில் "பயணிகள் கார் மட்டும்" என்ற பலகை இருக்கிறது, ஆனால் அதைப் படிப்பதற்குள் வண்டி இறக்கத்தில் திரும்பியிருக்கும். மின்மயமான ரயில் பாதைகளில் கேட்டுக்கு முன்னால் நம் ஊரில் நிறுத்துகிற ஹைட் கேஜ், அதாவது உயரமான வண்டியைத் தடுக்கும் குறுக்குக் கம்பம், எத்தனை எளிய ஏற்பாடு! அதிக உயர வண்டியைக் கண்டுபிடித்து விளக்கெரிக்கும் கருவிகளைச் சில இடங்களில் இங்கே வைத்திருக்கிறார்கள். அதோடு, மோதினாலும் சேதமில்லாத ஒரு தொங்கு சங்கிலி வரிசையை நுழைவிலேயே கட்டினால் கூரையில் தட்டும் சத்தத்திலேயே ஓட்டுநர் நின்றுவிடுவார்.

அக்டோபரில் வரப்போகிறவர்களுக்கு மாற்று வழி சொல்லாமல் விடுவது நியாயமில்லை. மினி பஸ் எடுத்தே தீர வேண்டுமென்றால் டகோனிக்குக்குக் கிழக்கே ஏறக்குறைய கூடவே வடக்கு நோக்கிப் போகும் 22-ம் எண் சாலையில் போகலாம், அங்கேயும் மலையும் பண்ணையும் உண்டு. டகோனிக்கையே பார்க்க வேண்டுமென்றால் இரண்டு மூன்று காராகப் பிரிந்து போங்கள். மான்கள் குறுக்கே வரும், சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுங்கள். பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டின் மெரிட் பார்க்வேயிலும் பஸ்ஸுக்கும் டிரெய்லருக்கும் அனுமதி கிடையாது, 8 அடி உயரத்துக்கு மேல் எந்த வண்டியும் கூடாது. வண்டியே வேண்டாம் என்பவர்கள் நியூயார்க் நகரின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் மெட்ரோ நார்த் புறநகர் ரயில்வேயின் ஹட்சன் தடத்து ரயிலில் ஏறி, வடக்கே போகும்போது இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். கடைசி நிலையமான பக்கீப்சி வரை ஹட்சன் ஆறு கூடவே வரும், அக்கரை மலையில் இலைகள் தெரியும்.

அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே ஒரு திருத்தம் போட்டால் நல்லது. இப்போதே பலர் வண்டிக்கு முன்பதிவு செய்துகொண்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர், நெடுஞ்சாலைத் துறை,
பாளையங்கோட்டை (தற்சமயம் ஒயிட் பிளெயின்ஸ், நியூயார்க் மாநிலம்)