பொறுப்பைக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு எங்கள் நன்றி

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும், சுங்கை சிப்புட்டிலிருந்து வணக்கம்.

எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) மகளிர் குழுவின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நல்லபடியாக நடந்து முடிந்தது. புதிய செயலவை பொறுப்பேற்றுவிட்டது. தலைவி, செயலாளர், பொருளாளர் மூவரும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். இதற்கு முன் எந்தச் சங்கத்திலும் பதவியில் இருந்ததில்லை. செயலாளர் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. முதல் வேலையாக ஒரு நன்றி மடல் எழுதச் சொன்னார்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது உங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறோம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

எங்களுக்குப் பொருளாக வந்த உதவிகள் நிறைய. அரிசி வந்தது, பள்ளிப் பைகள் வந்தன, சக்கர நாற்காலி வந்தது. அவற்றுக்கெல்லாம் அப்போதே நன்றி சொல்லியிருக்கிறோம். இந்த மடல், ஒரு சங்கத்தை நாங்களே நடத்தக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். அங்கே தலைமை எப்போதும் மேலே இருந்துதான் வந்தது. துரை, அவருக்குக் கீழே கிராணி (எழுத்தர்), அதற்கும் கீழே மேற்பார்வை பார்க்கும் மண்டோர், கங்காணி. விடியும் முன்னே பெரட்டில், அதாவது எல்லோரும் வரிசையாகக் கூடும் இடத்தில், பெயர் கூப்பிடுவார்கள், நிரை பிரித்துக் கொடுப்பார்கள், போய்ப் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்ட வேண்டியதுதான். எங்கள் அம்மாக்களை யாரும் கருத்துக் கேட்டதில்லை. அப்புறம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, லயங்களை (தோட்டத்து வரிசை வீடுகளை) காலி செய்துகொண்டு தாமானுக்கு வந்தோம். வந்த இடத்தில் கிராணியும் இல்லை, மண்டோரும் இல்லை. சாக்கடை நிரம்பினால் யாரிடம் போய்ச் சொல்வது, பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையை எப்படிப் பள்ளியில் சேர்ப்பது, எதற்கும் வழி சொல்ல ஆள் இல்லை. அந்த நேரத்தில் ஆங்காங்கே சங்கங்கள் எழுந்தன. ஒரு நல்ல மனிதர் தொடங்குவார், பத்து வேலையையும் அவரே இழுத்துப் போட்டுச் செய்வார். அவருக்கு உடம்பு முடியாமல் போனால் சங்கமும் படுத்துவிடும். இந்த வட்டாரத்தில் அப்படிப் போன சங்கங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

எங்களுக்கும் அது நடந்துவிடாமல் பார்த்துக்கொண்டவர்களில் முதலில் ஈப்போ ஆசிரியை அம்மாவைச் சொல்ல வேண்டும். பணி ஓய்வு பெற்றபின் சனிக்கிழமைதோறும் எங்களுக்காகவே வந்தார். முதல் வகுப்பில் அவர் தலைமைத்துவம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. கோயில் மண்டபத்துத் தரையில் கோலமாவைக் கொடுத்து, "உங்கள் தாமானை வரையுங்கள்" என்றார். தெரு, கோயில், கடை, பள்ளி வேன் நிற்கும் இடம் எல்லாம் வரைந்தோம். அடுத்து, முடியாதவர்கள் இருக்கும் வீட்டில் மஞ்சள்தூள் வைக்கச் சொன்னார். மழைக்குத் தண்ணீர் ஏறும் இடத்தில் குங்குமம். வேலை இல்லாத இளைஞர்கள் இருக்கும் வீட்டில் ஒரு கல்.

அன்று எங்கள் எல்லோரையும்விட அதிகம் தெரிந்திருந்தவர் ஓர் அக்கா. பல ஆண்டு மரம் வெட்டியவர், இப்போது துப்புரவு வேலைக்குப் போகிறார். கூட்டங்களுக்கு வந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். வேலைக்கு நடந்தே போய் வருவதால் எந்த வீட்டுக்காரர் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறார், எந்த வீட்டில் பாட்டி தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் கைதான் அன்று முழுக்க மஞ்சள் வைத்தது. ஆசிரியை அம்மா எதுவும் சொல்லாமல் விலகி நின்று, நாங்கள் எல்லோரும் அந்த அக்காவிடமே கேள்வி கேட்கும்படி விட்டார். இன்று அவர் எங்கள் துணைத்தலைவி.

ஊர் மக்களே தங்கள் ஊரை வரைந்து பேசும் இந்த முறை 1980களின் கடைசியில் இந்தியாவிலும் கென்யாவிலும் கிராமங்களில் வேலை செய்தவர்கள் கையில் வளர்ந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த ராபர்ட் சேம்பர்ஸ் தம் எழுத்துகளால் அதைப் பல நாடுகளுக்குக் கொண்டுசேர்த்தார். வெளியிலிருந்து வரும் படித்தவர் குச்சியை ஊர்க்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. ஆசிரியை அம்மா அதை எங்களுக்கு விளக்கியது பல வாரம் கழித்துத்தான். முதலில் செய்ய வைத்தார், பிறகுதான் பெயர் சொன்னார்.

பேசக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். நான் யார், நாம் யார், இப்போது என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் கோத்துப் பேச வேண்டும் என்பார். அமெரிக்காவில் தொழிற்சங்கத் தலைவர் சீசர் சாவேஸோடு பண்ணைத் தொழிலாளர்களைத் திரட்டும் வேலையில் பல ஆண்டு இருந்த மார்ஷல் கான்ஸ், பின்னாளில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொடுத்த முறையாம் அது. ஹார்வர்ட் என்றதும் எங்கள் பெரியவர் ஒருவர் கெடாவில் இருக்கும் ஹார்வர்ட் தோட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். போருக்குப் பின், 1947 வாக்கில், கள்ளுக்கடைகளை எதிர்த்துத் தொண்டர் படை நின்ற இடம் அது. வகுப்பு அன்று அந்தப் பக்கமே போய்விட்டது. ஆசிரியை அம்மா தடுக்கவில்லை. நம் ஆட்களும் ஒருகாலத்தில் தாங்களாகவே திரண்டவர்கள் என்று அங்கிருந்த இளம் பெண்கள் முதன்முறையாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்தப் பெரியவருக்கு அடுத்த நன்றி. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் கிளைப் பொறுப்பு பார்த்தவர். எங்களில் பாதிப் பேருக்கு அவர் மாமா, மீதிப் பேருக்குத் தாத்தா. கூட்டக் குறிப்பு எழுதுவது, தீர்மானத்தை முன்மொழிவது, வழிமொழிவது, ஐந்து வெள்ளி (ரிங்கிட்) வாங்கினாலும் ரசீது கிழித்துக் கொடுப்பது எல்லாம் அவர் பழக்கிவிட்டவை. ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று ஒருமுறை கேட்டோம். அவர் பதிலுக்கு இரண்டு கதை சொன்னார்.

ஒன்று 1948. அந்த ஜூன் மாதம் இதே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், நாட்டில் அவசரகாலம் வந்தது. அதே மாதம் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தி, தொழிற்சங்கங்களின் அகில மலாயாச் சம்மேளனத்தின் பதிவையும் எடுத்துவிட்டார்கள். அதன் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். தெரிந்த தலைவர்கள் போனதும் தோட்டங்களில் அடுத்து வாய் திறக்க ஆள் இல்லாமல் போனது என்றார் பெரியவர். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல்தான் உருவானது.

இன்னொன்று 1960. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம். நம் சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி, அதை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அன்றையக் கூலியில் 10 வெள்ளி என்பது சாதாரணத் தொகை இல்லை. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார் என்பது எல்லோருக்கும் தெரியும். பெரியவர் எங்களுக்குச் சொன்னது, ஒவ்வொரு தோட்டத்திலும் அந்தப் பத்து வெள்ளியை வாங்கி, எழுதி வைத்து, ஒழுங்காகக் கொண்டுபோய்க் கட்டிய ஆட்களைப் பற்றி. அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. "அவன் கணக்கு சுத்தமா இருந்ததாலதான் எங்கம்மா பணம் கொடுத்தா" என்றார். ரசீதுப் புத்தகத்தின்மேல் எங்களுக்கு வந்த மரியாதை அந்த ஒரு வரியால் வந்தது.

சட்டம் தெரிந்த தம்பிக்கும் நன்றி. ஈப்போவில் கணக்காய்வு வேலை. 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தைத் தமிழில் எங்களுக்குப் புரியும்படி சொன்னார். ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம், பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் இப்போது எங்கள் பொருளாளருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தத் தம்பி நினைத்திருந்தால் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் கணினியில் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். விசைப்பலகையை அவர் தொடவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் பொருளாளர் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். படித்தவர்கள் நமக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான் என்று நான் நம்புகிறேன். எங்களுக்காகச் செய்துகொடுத்தவர்கள் நிறையப் பேர். எங்களைச் செய்யவிட்டுக் காத்திருந்தவர்கள் மிகக் குறைவு.

ருக்குன் தெத்தாங்காவில் (அக்கம்பக்கத்தார் குழுவில்) இருக்கும் மலாய் அக்காவுக்கு, எங்களுக்கு அவர் 'காக்' (அக்கா), தனியாக நன்றி. அலுவலகங்களுக்கு மலாயில் கடிதம் எழுதினால் முறை தவறக்கூடாது. "மெருஜுக் பெர்காரா டி அத்தாஸ்" (மேற்கண்ட பொருள் தொடர்பாக) என்று தொடங்குவதிலிருந்து கடைசிக் கையொப்பம் வரை சிவப்புப் பேனாவால் திருத்தி, மறுபடி எழுதச் சொன்னார். சாக்கடைக் கடிதத்துக்குப் பதில் வந்தபோது எங்களைவிட அவர்தான் அதிகம் மகிழ்ந்தார். நாற்காலியும் மேசையும் வாடகை இல்லாமல் தந்த இரும்புக்கடைத் தவுக்கேவுக்கும் (முதலாளிக்கும்), மண்டபத்தின் சாவியை எங்களை நம்பிக் கொடுத்த கோயில் நிர்வாகத்துக்கும், வேலை முடிந்த களைப்போடு வந்து பெண்களை வீட்டில் இறக்கிவிட்ட தம்பிகளுக்கும் நன்றி. சனிக்கிழமை மதியச் சமையலை ஏற்றுக்கொண்ட மாமியார்கள் இல்லாவிட்டால் பாதிப் பேர் வகுப்புக்கே வந்திருக்க முடியாது.

பணம் தந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொருள் வாங்க நன்கொடை கேட்டால் சீக்கிரம் கிடைக்கும், படம் எடுத்துப் போடலாம். ஆள் உருவாக்க வேண்டும், பேருந்துச் செலவும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவருக்குச் சம்பளமும் வேண்டும் என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். முன்பு ஒருமுறை ஒரு பெரிய விடுதியில் தலைமைத்துவப் பயிற்சி என்று எங்களை அழைத்திருந்தார்கள். நல்ல சாப்பாடு, பெரிய திரை, மாலையில் சான்றிதழ். பேசியது முழுக்க நிறுவன மேலாளர்களுக்கான பேச்சு. எங்கள் பெண்கள் ஒரு கேள்விகூடக் கேட்காமல் திரும்பி வந்தார்கள். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. என்ன வேண்டும் என்று எங்களையே கேட்டீர்கள், ஒரே நாளில் பலன் காட்டச் சொல்லவில்லை. சிறிய சங்கங்களுக்கு இப்படிப்பட்ட பணம் கிடைப்பது அரிது. அதை உணர்ந்தே சொல்கிறோம்.

நிறைவாக எங்கள் முன்னாள் தலைவி அம்மாவுக்கு. தோட்டத்தை விட்டு வந்த புதிதில் தம் வீட்டு ஐந்தடியில் (முன்தாழ்வாரத்தில்) பாய் விரித்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கியவர் அவர். இந்தக் குழுவே அங்கிருந்துதான் பிறந்தது. அவரே இருந்திருந்தால் யாரும் எதிர்த்துப் போட்டியிட்டிருக்க மாட்டோம். அடுத்த கூட்டத்தோடு விலகுகிறேன் என்று அவர் ஓராண்டுக்கு முன்பே அறிவித்தபோது பலர் அழுதார்கள். அவர் அழவில்லை, பட்டியல் போட்டார். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர், ஒருவர் செய்வார், ஒருவர் கூட இருந்து பழகுவார். தம் நோட்டில் இருந்த தொலைபேசி எண்களையெல்லாம் எங்களைக் கொண்டே பிரதி எடுக்க வைத்தார். வங்கியில் கையொப்பத்தை மாற்றினார். எந்தெந்த அலுவலகத்துக்கு அவர் போவாரோ அங்கெல்லாம் புதியவர்களை அழைத்துப்போய், "இனிமேல் இவங்கதான்" என்று அறிமுகம் செய்துவைத்தார். தேர்தலில் யார் பெயரையும் அவர் முன்மொழியவில்லை.

விலகியபின் அவர் நடந்துகொண்ட விதம்தான் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. ஊரில் யாராவது பழக்கத்தில் அவரை அழைத்தால் "செயலாளரைக் கேளும்மா" என்று என் எண்ணைக் கொடுக்கிறார். இந்தத் தீபாவளி அன்பளிப்பு நிகழ்ச்சி முன்பு போல இல்லை என்று சிலர் அவர் வீட்டு வாசலிலேயே நின்று குறை சொன்னார்கள். ஒரு வார்த்தை பேசியிருந்தால் அத்தனை பேரும் அவர் பின்னால் வந்திருப்பார்கள். அவர் பேசவில்லை. மறுநாள் புதிய தலைவியை வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டு, அடுத்த கூட்டத்தில் குறை சொன்னவர்களையும் கூப்பிட்டுப் பேசவிடச் சொன்னார். அப்படியே செய்தோம், அவர்களில் இருவர் இப்போது பொங்கல் ஏற்பாட்டுக் குழுவில் இருக்கிறார்கள். எத்தனையோ ஆண்டு பதவியில் இருந்தவர்களுக்கு மாலை போட்டுப் பார்த்திருக்கிறேன். பதவியை நல்லபடியாகக் கொடுத்துவிட்டுப் போனவருக்கு யாரும் போட்டதில்லை. அன்று நாங்கள் போட்டோம் அம்மா. உங்களுக்குக் கூச்சமாக இருந்தது தெரியும், மன்னிக்க வேண்டும்.

கற்றதை நாங்களும் பிறருக்குச் சொல்லித்தர விரும்புகிறோம். கணக்கு, கூட்டக் குறிப்பு, ஆண்டறிக்கை மூன்றிலும் பழகிய பெண்கள் எங்களிடம் இருக்கிறார்கள். சுங்கை சிப்புட், கோலகங்சார், ஈப்போ பக்கத்தில் எந்தச் சிறிய சங்கம் கூப்பிட்டாலும் வருவோம், போக்குவரத்துச் செலவு மட்டும் போதும். எங்கள் அடுத்த சுற்று வகுப்பு பொங்கல் முடிந்து சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் தொடங்குகிறது. கட்டணம் இல்லை, சான்றிதழும் இல்லை. பிள்ளைகளை அழைத்து வரலாம், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. வருவதாக இருந்தால் வியாழக்கிழமைக்குள் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சொல்லிவிடுங்கள், சமையலுக்குக் கணக்கு வேண்டும்.

மிக்க நன்றியுடன்,
செயலாளர்,
மகளிர் குழுச் செயலவையின் சார்பில்,
சுங்கை சிப்புட், பேராக்