ரம்பப் பல் தீட்ட சென்னைக்குத்தான் போகணுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலூர் விருதம்பட்டில் சின்னதாக ஒரு மரப்பட்டறை வைத்திருக்கிறேன். கதவு, ஜன்னல் என்றிருந்த தொழில் மாறி, இப்போது பாதி வேலை பிளைவுட்டும் மைக்காவும்தான். என் பட்டறைச் சுவரில், டேபிள் ரம்பத்துக்குப் போடும் வட்ட பிளேடுகள் ஏழு ஆணியில் தொங்குகின்றன. ஏழும் மொக்கை. 10 அங்குலம், 60 பல். ஒவ்வொன்றும் இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கியது. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட மனசு வரவில்லை. தீட்டித் தருகிறவர்தான் அகப்படவில்லை.

ஆளே இல்லை என்று சொன்னால் பொய். போன ஆடியில் ஒருவரிடம் கொடுத்தேன். பிளேடுக்கு 120 ரூபாய், சாயங்காலமே கையில் கொடுத்துவிட்டார். மாட்டி ஓட்டினால் விசில் அடிக்கிறது, மைக்கா ஓரமெல்லாம் பொரிந்து போகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பல் நுனி உரசுகிற மாதிரி ஒரு இரும்பு ஸ்கேலை நிறுத்தி, பிளேடைக் கையால் சுற்றிப் பார்த்தேன். நாலு பல் உரசுகிறது, அடுத்த மூன்று உரசாமலே போகிறது. அறுபது பல்லில் பாதி சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால், “இன்னாண்ணே, பல்லு எல்லாம் பளபளன்னு கீது, அப்புறம் இன்னா?” என்கிறார். பளபளப்பை வைத்து நான் என்ன செய்ய?

அவர் மேல் தப்பு சொல்லவில்லை. அவரிடம் இருந்தது பச்சைச் சாணைக்கல், அவருடைய கண், கை. அந்தக் காலத்து எஃகு ரம்பத்துக்குக் கண்ணும் கையும் போதும். என் அப்பா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முக்கோண அரத்தால் ராவி, பல்லை இடம் ஒன்று வலம் ஒன்றாக வளைத்து வைப்பார், வெண்ணெயாக அறுக்கும். இன்றைய பிளேடில் பல் வேறு, தட்டு வேறு. எஃகுத் தட்டில் டங்ஸ்டன் கார்பைடு துண்டைப் பற்றவைத்திருக்கிறார்கள். அதில் அரம் ஓடாது, வழுக்கும். வைரத்தூள் பதித்த சக்கரம் வேண்டும், தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும், பல்லுக்குப் பல் கோணமும் உயரமும் பிசகாமல் நகர்த்தித் தர மெஷின் வேண்டும். சாதாரண பிளேடில் ஒரு பல் இடப்பக்கம் சரிந்திருந்தால் அடுத்தது வலப்பக்கம். மைக்காவுக்கான பிளேடில் ஒரு பல் இரண்டு முனையும் சீவியிருக்கும், அடுத்தது தட்டையாக இருக்கும். இதைப் பார்க்காமல் எல்லாப் பல்லையும் ஒரே மாதிரி தேய்த்தால் பிளேடு போச்சு. சூடேறினால் கார்பைடில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். பிறகு ஒரு நாள் துண்டு தெறிக்கும். எனக்குத் தெறித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

அப்புறம் சென்னைக்கு அனுப்பினேன். பல்லுக்கு நாலு ரூபாய், ஆக பிளேடுக்கு 240. வேலை சுத்தம், புதுசு போலவே அறுத்தது. அப்படி மயிரிழை அளவு மட்டும் எடுத்துத் தீட்டினால் ஒரு பிளேடை எத்தனையோ தடவை தீட்டலாம். ஆனால் 140 கிலோமீட்டர் போக வர பார்சல் கூலி, பன்னிரண்டு நாள் காத்திருப்பு. அதுவரை மொக்கை பிளேடில் அழுத்தி அழுத்தித் தள்ளினேன். கட்டை கருகிப் புகைந்தது, மோட்டார் முனகியது. கைக்கு ஆபத்தும் அப்படித் தள்ளும்போதுதான்.

நம் ஊருக்குத் தீட்டுகிற வித்தை புதிதா? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் ஷெட்டுகளில், தோலை ஒரே கனமாகச் சீவும் ஷேவிங் மெஷினின் கத்தி உருளை சுற்றிக்கொண்டிருக்கும்போதே கல் அதைத் தீட்டும். ராணிப்பேட்டையில் பெல் (BHEL) ஆலையை நம்பி வளர்ந்த பட்டறைகள் எத்தனை! கார்பைடு டூல் தெரிந்த கைகள் அங்கே இல்லாமல் இருக்காது. அவர்கள் கவனம் இரும்பின் மேல், மரக்காரன் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவுதான்.

மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். நல்லதுதான். எங்களுக்கு ஆளுக்கொரு மெஷின் வாங்கக் கடன் கொடுப்பது போல, எங்கள் பிளேடுகளைத் தீட்ட ஒரு மெஷின் வைக்கிற இளைஞருக்கும் மாவட்டத் தொழில் மையம் வழிகாட்டினால் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்து மரவேலைக்காரர்களும் வேலை கொடுப்பார்கள். பல்லுக்கு ஐந்து ரூபாய் கேட்டாலும் நான் தயார். பல் எண்ணிக் காசு வாங்கட்டும், ஸ்கேல் வைத்துச் சுற்றிக் காட்டிவிட்டுக் கொடுக்கட்டும்.

சக தொழிலாளிகளுக்கு ஒரு வார்த்தை: மொக்கை என்று நினைக்கிற பிளேடில் சிலதுக்கு வெறும் அழுக்குதான். தேக்குப் பிசினும் பிளைவுட் பசையும் பல்லில் அப்பியிருக்கும். சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, எண்ணெய் தடவி மாட்டிப் பாருங்கள். என் ஒன்பது பிளேடில் இரண்டு அப்படித்தான் பிழைத்தன. மீதிதான் அந்த ஏழு.

வைரச் சக்கரம் வைத்து முறையாகத் தீட்டுகிறவர் இந்தப் பக்கம் ஏற்கெனவே யாராவது இருந்தால், தயவுசெய்து இதே பகுதியில் எழுதுங்கள். மறுநாளே ஏழு பிளேடோடு வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மரப்பட்டறைக்காரர்,
விருதம்பட்டு, வேலூர்.