பெண்களுக்கு ஈடுபாடு குறைவு என்று எழுதும் முன்: மனிதவளத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

மனிதவள மேலாளர்களுக்கு வணக்கம்.

ஆண்டுதோறும் ஊழியர் ஈடுபாடு குறித்துக் கருத்துக்கணிப்பு நடத்துகிறீர்கள். பெண்களின் மதிப்பெண் குறைந்தால் உடனே தன்னம்பிக்கைப் பயிலரங்கு, மகளிர் தினத்துக்குக் கேக். கோளாறு அவர்களிடம்தான் என்று முடிவுகட்டிவிட்டு மருந்து தேடுகிறீர்கள். அதற்கு முன் சம்பளப் பதிவேட்டையும் வேலைப் பங்கீட்டையும் எடுத்துப் பாருங்கள்.

கணக்கிலிருந்தே தொடங்குவோம். 160 ஆண்களின் சராசரி 5-க்கு 4.2, 40 பெண்களின் சராசரி 3.2 என்றால் மொத்தச் சராசரி 4.0 வரும். அறிக்கையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பிரித்தால்தான் வண்டவாளம் தெரியும். ஆனால் ஐந்து பேருக்கும் குறைவான பெண்கள் உள்ள பிரிவைத் தனியாகக் காட்டாதீர்கள், பக்கத்துப் பிரிவோடு சேருங்கள். இல்லாவிட்டால் யார் என்ன சொன்னார் என்று மேலாளர் ஊகித்துவிடுவார். அடுத்த ஆண்டு எல்லோரும் பேசாமல் 5 போட்டுவிடுவார்கள். பேறுகால விடுப்பில் இருப்பவர்களுக்கும் படிவம் போகட்டும். வேலையை விட்டுப் போனவர்கள் இந்தக் கணிப்பில் வருவதே இல்லை என்பதால், ராஜினாமாப் பட்டியலையும் ஆண், பெண் வாரியாகப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

அடுத்தது சம்பளம். சேரும்போது ஆணுக்கு 110, பெண்ணுக்கு 100 என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஆண்டுக்கு ஒரே 8 சதவீத உயர்வு. இதில் பாகுபாடு எங்கே என்பீர்கள். பத்து உயர்வுகளுக்குப் பின் 10 ஆக இருந்த இடைவெளி 21-ஐத் தாண்டியிருக்கும். ஆகவே, "முன்பு எவ்வளவு வாங்கினீர்கள்?" என்ற கேள்வியை நேர்காணலிலிருந்து எடுத்துவிட்டு, பதவிக்கென்று சம்பளத்தை முன்பே நிர்ணயித்து வையுங்கள். ஒரே பதவிப் பெயர் உள்ளவர்களை மட்டும் ஒப்பிட்டாலும் போதாது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கை கேட்பது சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம். திறன், உழைப்பு, பொறுப்பு, பணிச்சூழல் நான்குக்கும் மதிப்பெண் போட்டால், பெண்கள் நிறைந்த பதவிகள் எவ்வளவு கீழே வைக்கப்பட்டிருக்கின்றன என்பது தெரியவரலாம்.

பதிவேட்டில் ஏறாத பாகுபாடு வேலைப் பங்கீட்டில் இருக்கிறது. "குறிப்பு யார் எடுக்கிறீங்க?" என்று கூட்டத்தில் பொதுவாகக் கேட்பார்கள். ஆண்கள் போனைப் பார்ப்பார்கள். கடைசியில் ஒரு பெண்தான் நோட்டைத் திறப்பார். புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பது, பிரிவுபசார ஏற்பாடு எல்லாம் இப்படித்தான் போய்ச் சேருகின்றன. பதவி உயர்வுப் படிவத்தில் இவற்றுக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. விருப்பம் கேட்காமல், பெயர்ப்பட்டியல் போட்டு முறைவைத்துக் கொடுங்கள். இதைவிட மோசம் கரிசனம். "குழந்தை சின்னது, பயணம் சிரமம்" என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே பெரிய திட்டத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவது. அடுத்த ஆண்டு, "அனுபவம் போதவில்லை" என்று அவரையே நிராகரிப்பார்கள்.

ஆறு மாதம் விடுப்பில் இருந்தவரின் ஆண்டு இலக்கைப் பாதியாக்கி மதிப்பிடுங்கள். பாலியல் தொல்லைப் புகாரில், "அலுவலகத்துக்கு வெளியே நடந்தது" என்று தட்டிக்கழிக்காதீர்கள். அதே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2019-ஆம் ஆண்டின் 190-ஆவது உடன்படிக்கை பணிப் பயணத்தையும் பணி தொடர்பான செய்திப் பரிமாற்றத்தையும் சேர்த்தே பணியிடமாகக் கருதுகிறது.

அடுத்த கருத்துக்கணிப்புக்கு முன் தொடக்கச் சம்பளம், பெரிய திட்டங்கள் யாருக்குப் போயின, பதவி உயர்வுக்குக் காத்திருந்த மாதங்கள் ஆகிய மூன்று பட்டியல்களையும் ஆண், பெண் வாரியாக எடுத்து ஊழியர்களுக்குக் காட்டுங்கள். இடைவெளி உள்ள இடத்தில் சரிசெய்ய வேண்டியவரின் பெயரும் தேதியும் எழுதியிருக்கட்டும்.